ஃபைனான்ஸ் மேசையில் விற்கும் 'பெயின்ட் ப்ரொடெக்‌ஷன்' தேவைதானா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வெருலத்தில் இருக்கிறோம். வெள்ளை நிறத்தில் புது வண்டி எடுக்கப் போகிறோம். 7,500 ரான்டுக்கு 'பெயின்ட் ப்ரொடெக்‌ஷன்' பூச்சு போட்டாக வேண்டும், இல்லையென்றால் வாரண்டி நிற்காது என்கிறார் டீலரின் ஃபைனான்ஸ் ஆள். கரும்பு எரிக்கும் மாதங்களில் எங்கள் வாசலெல்லாம் கரி. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வண்டிக் கம்பெனி தரும் பெயின்ட் வாரண்டிக்கும் டீலர் விற்கும் இந்தப் பாட்டிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வண்டி வேண்டுமானால் இதையும் வாங்கு என்று நெருக்குவதை 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இருந்து என்ன? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கமிஷன் இருக்கிறதே.

கணக்கைப் பாருங்கள். அந்த 7,500 ரான்டைக் கடனோடு சேர்த்து, 12% வட்டியில் 72 மாதம் கட்டினால் மாதம் சுமார் 147 ரான்ட், மொத்தம் 10,500க்கு மேல். 'மாதம் நூற்றைம்பதுகூட இல்லையே' என்பார்கள். அங்கேதான் விழுகிறோம். சில இடங்களில் இதைத் தனியாகக் காட்டாமல் 'ஆன் தி ரோட்' கட்டணத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக உள்ள கொட்டேஷனை எழுத்தில் கேளுங்கள்.

பூச்சு '9எச் கடினம்' என்று சொன்னால் மயங்காதீர்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். என்3 சாலையில் லாரி தெறிக்கும் கல்லை எந்தத் திரவமும் தடுக்காது. பெயின்ட்மேல் ஒட்டும் தடிமனான பிபிஎஃப் ஃபிலிம்தான் ஓரளவு தடுக்கும். ஐந்து வருட உத்தரவாதத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள். வருடா வருடம் காசு கொடுத்துச் சோதனை செய்திருக்க வேண்டும், பறவை எச்சத்தை இத்தனை மணி நேரத்துக்குள் கழுவியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் பெரும்பாலும் இருக்கும். அப்படிக் கழுவுகிறவருக்கு அந்த உத்தரவாதம் எதற்கு?

உங்கள் உண்மையான எதிரி கரும்புக் கரி. கரும்பு இலையில் சிலிக்கா அதிகம். அதன் சாம்பலைக் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். பனியில் நனைந்தால் காரமாகிக் கறையும் பிடிக்கும். வேலைக்குப் போகும் அவசரத்தில் கண்ணாடியைத் துடைக்கும் துணியால் பானெட்டையும் ஒரு இழுப்பு இழுக்காதீர்கள். முதலில் ஹோஸ் தண்ணீரை மேலிருந்து கீழாகத் தாராளமாக விடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை கதவு, பானெட் என வண்டியின் ஒவ்வொரு பலகைக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கதவின் அடிப்பகுதியும் சக்கரமும் கடைசியில். நிழலில் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சன்லைட் வேண்டாம், போட்ட வாக்ஸை எடுத்துவிடும். கரி படிந்த வண்டிமேல் கவர் போடுவது அதைவிட மோசம். காற்றில் கவர் அசைய அசையக் கீறும். மால் பார்க்கிங்கில் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டி கழுவுபவரிடம் புது வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஹடீடா பறவையின் எச்சம் பட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்து, ஊறியதும் அள்ளி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பூஜை போடும்போது குங்குமத்தையும் மஞ்சளையும் பெயின்ட்மேல் வைக்காமல் கண்ணாடியில் வையுங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால் போகாது. கற்பூரத் தட்டைப் பானெட்டில் வைக்கவே வேண்டாம்.

பாதுகாப்புக்கு, கடையில் கிடைக்கும் பெயின்ட்மேல் பூசும் நல்ல சிந்தெடிக் சீலன்ட் ஒரு பாட்டில் போதும். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை, சுத்தமாகக் கழுவிக் காய்ந்த பிறகு மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். புது பெயின்டுக்கு மூன்று மாதம் எதுவும் போடக் கூடாது என்பார்கள். தொழிற்சாலையில் பெயின்டைச் சூளையில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். முதல் நாளே பூசலாம்.

ஒரே விதிவிலக்கு, நன்றாகக் கவனியுங்கள்: வழியில் அடிபட்டு, டீலரே நெளிவு எடுக்கும் பேனல்பீட்டரிடம் கொடுத்து மறுபடி பெயின்ட் அடித்த பகுதி. புது வண்டியிலும் இது நடக்கும், சொல்லமாட்டார்கள். அந்தப் பெயின்ட் உள்ளே முழுதாக உலர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குள் சீலன்டோ செராமிக் பூச்சோ பூசினால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மங்கும், கொப்புளிக்கலாம். கண்டுபிடிக்க, பெயின்டின் தடிமனை அளக்கும் கேஜ் வைத்து எல்லாப் பலகையையும் அளக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவு மட்டும் 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது என்றே சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. அங்கே விளிம்புகளில் டேப் கோடு, நிற வித்தியாசம் தெரிகிறதா என்று வெயிலில் பாருங்கள். டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடாமல் தரச் சொல்வதும் நல்லது. அழுக்கோடு வந்தால் பரவாயில்லை, யார்டில் கீறிய வட்டக் கோடுகளோடு வரக் கூடாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வண்டியில் இன்னும் பூசவில்லை என்றால், அந்த வரியை நீக்கச் சொல்லி இன்றே டீலர் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மசியாவிட்டால் வண்டி வாங்கியவர்களின் புகார்களை விசாரிக்கும் மோட்டார் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். பொறுமை வேண்டும், படிவத்துக்குமேல் படிவம் கேட்பார்கள். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. அதனால் முதலில் தந்த கொட்டேஷனையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.