“அவளாவது விசுவாசத்தில் நிற்கிறாள்”

அன்புள்ள அம்மாவுக்கு,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 41. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போன வருஷம் ஆனி மாதம் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு ஜெபமே வருவதில்லை. முழங்கால் போட்டால் “ஸ்தோத்திரம்” என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வராது, எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன். கர்த்தர் இருக்கிறாரா என்றே சில ராத்திரி தோன்றுகிறது. இதைச் சபையில் யாரிடம் சொல்வது?

சபையில் பேசிய பேச்சுதான் இன்னும் மனதில் குத்துகிறது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஒரு அக்கா வந்து, “அவர் கர்த்தரிடத்தில் இருக்கிறார், நீ அழுதால் அது அவிசுவாசம்” என்றார். இன்னொருவர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்கு ஒழுங்காகக் கொடுத்து வந்தீர்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் என் மூத்தார் மனைவி, “குலசாமியை விட்டுட்டு வேதத்துக்குப் போனீங்க, அதான்” என்கிறாள். இரண்டு பக்கமும் அடி. அவர் பீடிகூடத் தொடாதவர். வண்டிக் கண்ணாடியில் ‘கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்’ என்ற வசன அட்டை இருந்தது, எங்கள் பெண் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியது, அவளே ஒட்டினாள். அந்த அட்டை ஓரம்கூடக் கிழியாமல் கிடைத்தது. மனுஷன்தான் உயிரோடு கிடைக்கவில்லை. அதை அவள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.

ஒன்றரை ஏக்கரில் பெங்களூரா மாமரம் இருக்கிறது. இந்த வருஷம் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிக்கிற கூலிக்கே காணாது என்று பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டேன். குழுக்கடன் வேறு. அதற்கும் “எல்லாம் நன்மைக்கே” என்கிறார்கள். அழுதால் அவிசுவாசம் என்று சொன்னதை என்னால் மறக்கவே முடியவில்லை அம்மா.

ஈஸ்டர் ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். “கர்த்தர் என்னைத் தேற்றினார், சமாதானம் தந்தார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். நான் சொன்னது பொய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பெண், “நான் சரியா ஜெபம் பண்ணாம ஒட்டினதாலயாம்மா அப்படி ஆச்சு?” என்று கேட்டாள். கர்த்தரைக் கேள்வி கேட்கக் கூடாது, பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று அடக்கினேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. அவளாவது விசுவாசத்தில் நிற்கிறாள். பத்தாவது படிக்கிறாள், பாடல் குழுவில் முன்னால் நிற்கிறாள், வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறாள், போன மாதத்திலிருந்து செவ்வாயும் சேர்த்து. யூனிபார்ம் தொங்குகிற அளவுக்கு ஆள்தான் இளைத்துவிட்டாள், காலாண்டுப் பரீட்சை பயமாக இருக்கும். அது போகட்டும்.

என் விசுவாசம் திரும்ப வருமா? வேறு சபைக்குப் போய்விடலாமா? இவர்கள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

*

அன்புள்ள சகோதரிக்கு,

“அது போகட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை என்னால் போகட்டும் என்று விட முடியவில்லை. தசமபாகக் கணக்குக் கேட்டவரைப் பற்றியும் உங்கள் மூத்தார் மனைவியைப் பற்றியும் சொல்ல எனக்கும் நாலு வார்த்தை இருக்கிறது. அவர்கள் காத்திருக்கட்டும். சபையை மாற்றுவதும் அடுத்த வருஷம்கூடச் செய்யலாம்.

அப்பாவைப் பறிகொடுத்த பெண், தான் ஒட்டிய வசனம் காக்காமல் போனதற்குத் தான்தான் காரணமோ என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. அதனால் தானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு, அதற்குத் தண்டனையும் தானே கொடுத்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தில் பிள்ளைகள் போடும் கணக்கு எனக்குப் பழக்கமானது. அன்றைக்குச் சண்டை போட்டேன், அதான். டாட்டா காட்டவில்லை, அதான். நமக்கு அபத்தமாகத் தெரியும். காரணமே இல்லாமல் அப்பா போய்விட்டார் என்பதைவிட, என் தப்பால் போனார் என்பதை அவர்களால் எப்படியோ பிடித்துக்கொள்ள முடிகிறது, அடுத்த தடவை தப்பு செய்யாமல் இருந்துவிடலாமே. ஒரு நாள் உபவாசம் இரண்டு நாள் ஆனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் விசுவாசம் என்று நினைத்து நிம்மதியாக இருந்த விஷயம் இது.

கோபப்படாதீர்கள், அல்லது பட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மூன்றாம் நாள் வந்து உங்கள் வாயை அடைத்த அந்த அக்கா பேசியதும், பஸ்ஸில் நீங்கள் மகளிடம் பேசியதும் ஒரே பேச்சு. அந்த அக்காவும் கெட்ட எண்ணத்தில் பேசியிருக்க மாட்டார். அடுத்தவர் அழுகை நம்மை என்ன செய்துவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் அப்படிப் பேசுகிறோம். உங்களுக்காவது மறக்க முடியவில்லை என்று எனக்கு எழுதக் கை இருந்தது. அவள் யாருக்கு எழுதுவாள்?

நான் போதகர் இல்லை. இருந்தாலும் உங்கள் வேதத்திலிருந்தே சொல்கிறேன். லாசரு இறந்து அடக்கமாகி நாலு நாள் கழித்து இயேசு வருகிறார். மார்த்தாள் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் எதிரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். சாட்சியா அது? ஸ்தோத்திரமா? தாமதமாக வந்தவரிடம் உரிமையோடு போடுகிற சண்டை. அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே அழுகிறார். 88-ஆம் சங்கீதத்தைப் பிரித்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதல் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் வேதம் என்று கையில் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சந்தேகப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதை ஒளித்து வைத்ததில்தான் மகள் தனியாகிவிட்டாள்.

அந்த அட்டையில் இருந்தது 121-ஆம் சங்கீதம். எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்திரைக்காரர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று. கால் தள்ளாடுவது, பகல் வெயில், இரவு நிலா என்று வழிப்பயம் முழுக்க அதில் இருக்கிறது. பயமே இல்லாதவன் எதற்கு அப்படிப் பாடப் போகிறான்? பாடிக்கொண்டு கிளம்பிய எல்லாரும் வீடு திரும்பினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் மகளும் அப்பா போகிற வழியை நினைத்துப் பயந்துதான் ஒட்டியிருக்கிறாள். லோடு வண்டி அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதற்கு அட்டையும் காரணமில்லை, அவள் ஜெபமும் காரணமில்லை. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதானே பதில் வந்தது.

இதை அவளிடம் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் கேட்ட கேள்வியை நீங்களே எடுங்கள். “அன்னைக்குக் கேட்டியே, நான் அடக்கிட்டேன். திரும்பக் கேளு பாப்பா.” அப்புறம் ஈஸ்டர் சாட்சி பொய் என்பதையும், உங்களுக்கு ஜெபம் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அம்மா விழுந்துவிடுவாளோ என்று பயப்படுவாள்தான், ஆனால் வீட்டில் தான் மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் போகும்.

உடம்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எடை பார்க்க வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். அதற்கு முன்பு பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. வரும் வெள்ளிக்கிழமை அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் விசுவாசம் வருமா என்று கேட்டீர்கள். கெடு வைத்துச் சொல்ல என்னால் முடியாது. முழங்கால் போடும்போது அந்த “ஸ்தோத்திர”த்தைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு மார்த்தாள் கேட்டதைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த அறையில் மகள் காதில் விழுகிற மாதிரி.

அந்த அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்தவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். ஜியாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கட்டும். அவளாக எடுத்துக் காட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.