மூச்சு முட்டும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேடைப் பதிவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், வேல்ஸைச் சேர்ந்த மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் ராக் குழுவை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். அவர்களை மேடைப் பதிவில் கேட்காதவர் பாதிதான் கேட்டிருக்கிறார் என்று. அந்த வரியை நம்பி இரண்டு வாரங்களைச் செலவழித்தேன். முதலில், அவர்கள் தனியாக வெளியிட்ட பாடல்களின், அதாவது சிங்கிள்களின், 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்டேன். 38 பாடல்கள். பிடித்திருந்தது, சில பாடல்கள் மிகவும். பிறகு மான்செஸ்டர் 1997, ஹவானா 2001, லண்டன் அஸ்டோரியா 1994 என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். ஸ்டூடியோவில் அத்தனை கச்சிதமாகப் பாடும் மனிதர் மேடையில் சொற்களை விழுங்குகிறார். வரியின் வால் காணாமல் போகிறது. பல இடங்களில் அவருக்குப் பதிலாகக் கூட்டம் பாடுகிறது. அஸ்டோரியா பதிவோ தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது. பின்னர் காணாமல் போன குழு உறுப்பினர் ரிச்சி எட்வர்ட்ஸ் கலந்துகொண்ட கடைசி நிகழ்ச்சி என்பதால்தான் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அவர் இருந்த மேடைக்கும் இல்லாத மேடைக்கும் என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

சிங்கிளில் முழுமையாக இருக்கும் ஒன்றைக் குறைகளோடு எதற்காக மறுபடியும் கேட்க வேண்டும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ரிச்சி இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒரு ரசிகர் கூட்டத்தின் நடுவே சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஆனால் உண்மை அதுதான். அவருடைய கிதார் மேடையில் பெரும்பாலும் கேட்காது. அவருக்குக் கிதார் சரியாக வாசிக்க வராது, அதை அவர் மறைத்ததும் இல்லை. ஸ்டூடியோவில் கிதார் வேலை முழுவதும் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்டுடையது. பாடுவதும் அவரேதான்.

ரிச்சி உள்ளே வந்த கதையைப் பாருங்கள். 1988-இல் இவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு முதல் சிங்கிளை அச்சிட்டார்கள். சுமார் 300 பிரதிகள்தான். அதன் உறையில் இருக்கும் புகைப்படத்தை எடுத்தவர் ரிச்சி. அப்போது அவர் குழுவில் உறுப்பினர்கூட இல்லை. வண்டி ஓட்டுவார், படம் எடுப்பார், கூடவே இருப்பார். பிறகு உறுப்பினர் ஆனபோதும் வாசிப்பதற்காக வரவில்லை. எழுதுவதற்காக வந்தார். அவரும் பேஸ் கிதார் வாசிக்கும் நிக்கி வயரும் வரிகளை எழுதுவார்கள். பிராட்ஃபீல்டும், அவருடைய உறவுக்காரரும் டிரம்மருமான ஷான் மூரும் இசையமைப்பார்கள். நால்வரும் தெற்கு வேல்ஸின் பிளாக்வுட் என்ற சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள்.

இந்த வேலைப் பிரிவினையில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. நம் ஊரில் மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு ஜெயித்துவிடும். ராக் இசையிலும் பல குழுக்களில் அப்படித்தான், வாய்க்கு வந்ததை முணுமுணுத்து மெட்டைப் பிடித்துவிட்டுச் சொற்களைப் பிறகு நிரப்புவார்கள். இவர்களிடம் தாள் முதலில் வரும். அதுவும் எப்படிப்பட்ட தாள்! பாடவே தெரியாத இரண்டு படிப்பாளிகள், மூச்சைப் பற்றிய கவலையே இல்லாமல் எழுதித் தள்ளிய உரைநடை. எதுகை கிடையாது, ஒரு வரியைப் போல் அடுத்த வரி இருக்காது. அதைத் தாளத்துக்குள் அடைத்தாக வேண்டியது பிராட்ஃபீல்டின் தலையெழுத்து.

யாப்பிலக்கணத்தில் வகையுளி என்று ஒன்று படித்திருப்பீர்கள். சீர் பிரியும் இடத்தில் சொல்லைப் பொருள் பார்க்காமல் வெட்டிப் பாதியை அந்தப் பக்கம் தள்ளுவது. பிராட்ஃபீல்டின் பாட்டு முழுவதும் வகையுளிதான். சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார், அழுத்தம் விழக் கூடாத அசையில் அழுத்துவார், ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய்ச் சேர்ப்பார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே உறையில் அச்சிட்ட வரிகளைப் பார்த்துத்தான் பல இடங்களைப் புரிந்துகொள்கிறார்கள். எனவே ஒரு சொல் புரியவில்லை என்றால் உங்கள் ஆங்கிலத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

சிங்கிளில் இந்தப் போராட்டம் உங்களுக்குத் தெரியாது. ஸ்டூடியோவில் ஒரு வரியைத் தனியாகப் பாடிப் பதியலாம், மூச்சு வாங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம், கிதாரை வேறொரு நாள் வாசிக்கலாம். மேடையில் அவர் ஒரே ஆள். பாடவும் வேண்டும், முன்னணிக் கிதாரும் வாசிக்க வேண்டும், அந்த உரைநடையையும் சுமக்க வேண்டும். 1994 ஜூனில் சிங்கிளாக வந்த 'ஃபாஸ்டர்' பாடலை முதலில் தொகுப்பில் கேளுங்கள், உடனே மான்செஸ்டர் பதிவில் கேளுங்கள். நீங்கள் குறை என்று சொல்லும் விழுங்கல், வால் அறுந்துபோகும் வரிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. எந்த இடத்தில் என்று கவனியுங்கள். சொற்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும் இடத்தில். அந்தக் குவியல் ரிச்சியின் கை.

மான்செஸ்டர் நிகழ்ச்சி நடந்தது 1997 மே 24. ரிச்சி காணாமல் போனது 1995 பிப்ரவரி 1. லண்டனில் ஒரு ஓட்டலை விட்டுப் போனார். இரண்டு வாரங்களுக்குப் பின், இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்துக்கு அருகே அவருடைய கார் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. 2008-இல் சட்டப்படி இறந்தவராகக் கருதப்பட்டார். இதற்கு மேல் அந்தக் கதைக்குள் நான் போக விரும்பவில்லை. அவரைப் பற்றிய பரபரப்புகளுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. மேடையில் அவர் நின்ற பக்கத்தை மற்ற மூவரும் பல ஆண்டுகள் காலியாக விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடம் படத்தில் தெரியும், ஒலிப்பதிவில் தெரியாது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வெற்றிடத்தைத் தேடியிருக்கிறீர்கள். தேட வேண்டியது பிராட்ஃபீல்டின் தொண்டையில். ஆள் போய் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், ரிச்சி எழுதிய அதே அசையில் பாடகருக்கு மூச்சு முட்டுகிறது.

கூட்டம் பாடுகிறது என்ற உங்கள் புகாரையும் இதே வழியில் பார்க்கலாம். எந்தப் பாட்டுகளைக் கூட்டம் பாடுகிறது? பழைய பாடல்களில் பல்லவியைப் பிடித்துக் கத்துவார்கள், அவ்வளவுதான். சரணத்தை அவர்களாலும் பாட முடியாது. 'அ டிசைன் ஃபார் லைஃப்' வந்ததும் நிலைமை மாறுகிறது. 1996 ஏப்ரலில் வந்த சிங்கிள் அது, மூவராக ஆன பிறகு வந்த முதல் சிங்கிள், பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. வரிகள் நிக்கி வயருடையவை. அவர் தனித்தனியாக எழுதிய இரண்டு பாடல்களிலிருந்து வேண்டியதை எடுத்து பிராட்ஃபீல்ட் ஒன்றாக்கினார். சொற்கள் குறைந்தன, காற்று புகுந்தது. ஊஞ்சல்போல் ஆடும் தாளம், பின்னால் வயலின்கள். நியூபோர்ட் நகரின் பில்க்வென்லி நூலகக் கட்டடத்தில் 'அறிவே ஆற்றல்' என்ற பொருள்படும் வாசகம் பொறித்திருக்கிறது. நூலகங்கள்தான் எங்களுக்கு ஆற்றல் தந்தன என்ற பாடலின் தொடக்கம் அங்கிருந்து வந்தது. 2009-இல் கார்டிஃபில் புதிய மைய நூலகம் திறந்தபோது அந்த வரியையே கல்வெட்டில் பதித்தார்கள், திறந்துவைத்தவர்களும் இவர்களே. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் நூலகத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுத, அதை ஆயிரக்கணக்கானோர் பியர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கோரஸாகப் பாடுகிறார்கள். குடித்துவிட்டுக் கூத்தடிப்பவர்கள் என்று அந்த வர்க்கத்தைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதைக் கிண்டல் செய்யும் பல்லவியைத்தான் பாடுகிறார்கள் என்பது வேறு விஷயம். பிராட்ஃபீல்ட் அங்கே பாடாமல் ஒதுங்குவதை நீங்கள் ஓய்வு என்று நினைத்திருக்கலாம். அந்த இடத்தில் அவர் பாடவே தேவையில்லை.

சரி, சிங்கிள் ஒரு பக்கம், மேடைப் பதிவு மறுபக்கம் என்று நீங்கள் பிரித்துவைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2011 தொகுப்பு உங்களை ஏமாற்றிவிட்டது. அதில் முகப்புப் பாடல்கள் மட்டுமே இருக்கின்றன. 90களில் பிரிட்டனில் ஒரு சிங்கிள் என்றால் அது ஒரு பாட்டு அல்ல. ஒரே பாடலை இரண்டு சிடிகளாக விடுவார்கள், ஒவ்வொன்றிலும் பின்னால் வேறு வேறு மூன்று பாடல்கள் இருக்கும். ரசிகன் இரண்டையும் வாங்குவான், தரவரிசை ஏறும். சுத்தமான வியாபாரத் தந்திரம்தான். ஆனால் பின்பக்கத்தை நிரப்பச் சரக்கு வேண்டுமே! அங்கேதான் மேடைப் பதிவுகள் வந்து உட்கார்ந்தன. 1994-இன் 'ரெவோல்' சிங்கிளில் கிளாஸ்டன்பரி இசை விழாப் பதிவுகள் இருக்கும். அதே ஆண்டின் 'ஷி இஸ் சஃபரிங்' சிங்கிளின் பின்னால் கிளாபம் கிராண்ட் அரங்கில் பதிந்த இரண்டு பாடல்கள் இருக்கும். இவர்களை வளர்த்தெடுத்த மேலாளர் பிலிப் ஹால் 1993 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். அதற்குப் பின் சில மாதங்களில் நிதி திரட்ட நடந்ததுதான் அந்தக் கிளாபம் நிகழ்ச்சி. ஸ்வேட் குழுவின் பெர்னார்ட் பட்லர் வந்து கூட வாசித்தார். துக்க வீட்டில் நண்பர்கள் கூடிப் பாடியதுபோல் இருக்கும். அந்தச் சிங்கிளை வாங்காதவருக்கு அது கிடைத்திருக்காது. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றில் ஒரு பகுதியை 2003-இல் 'லிப்ஸ்டிக் டிரேசஸ்' என்ற பெயரில் இரண்டு சிடிகளாகத் தொகுத்தார்கள். முதலில் அதைக் கேட்டிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

சிங்கிளை வைத்து இவர்கள் செய்த குறும்புகளும் உண்டு. 2000 ஜனவரி 10 அன்று 'த மாசஸ் அகெயின்ஸ்ட் த கிளாசஸ்' வெளியானது. எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இல்லை. வெளியான அன்றே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், கடையில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். உறையில் நட்சத்திரம் இல்லாத கியூபக் கொடி. பாடலின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிந்தனையாளர் நோம் சோம்ஸ்கியின் குரல், முடிவில் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் வாசகம். பத்து நாள் முன்பு, 1999 டிசம்பர் 31 இரவு, கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சிங்கிள் நேராக முதலிடத்துக்குப் போனது. லண்டனிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் எனக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பாட்டில் ஒரு கீறல் இருக்கிறது, அந்த இடத்தில் இன்றும் குதிக்கும். அடுத்த ஆண்டு இரண்டு சிங்கிள்களை ஒரே நாளில் வெளியிட்டு எட்டாம் இடத்திலும் ஒன்பதாம் இடத்திலும் நிறுத்தினார்கள். அதை மேதைமை என்று நான் சொல்லமாட்டேன், அடம் என்று சொல்வேன்.

ஹவானா பதிவு உங்களுக்குப் பிடிக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கும் பிடிக்காது. 2001 பிப்ரவரி 17, கார்ல் மார்க்ஸ் அரங்கு, பார்வையாளர்களில் ஃபிடல் காஸ்ட்ரோ. சத்தம் அதிகமாக இருக்கும் என்று அவரை எச்சரித்தபோது, போரைவிடச் சத்தமாக இருக்க முடியாது என்றாராம். அந்தப் பதிலையே வீடியோவுக்குத் தலைப்பாக வைத்துவிட்டார்கள். நிகழ்ச்சியைவிட அந்தப் பதில்தான் நன்றாக இருக்கிறது. வரலாறு நடக்கிறது என்று தெரிந்துகொண்டே வாசிக்கும்போது கை கட்டுப்பட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன்.

2011 டிசம்பர் 17 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அந்த 38 சிங்கிள்களையும் ஒரே இரவில் வாசித்தார்கள். இருபது ஆண்டுகளை ஒரே மூச்சில். 1991-இல் மூர்க்கமாக எழுதிய வரியையும் 2007-இன் நிதானமான வரியையும் ஒரே தொண்டை ஒரே இரவில் பாடும்போது, எது யாருடைய வரி என்று உறையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நீங்கள் 38 பாடல்களையும் ஏற்கெனவே அறிந்தவர், அதனால் முயன்று பாருங்கள்.

அஸ்டோரியாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1994 டிசம்பர் 19, 20, 21 என்று மூன்று இரவுகள். தகர டப்பா என்கிறீர்கள், மறுக்க மாட்டேன். மூன்றாவது இரவின் முடிவில் 'யூ லவ் அஸ்' பாடிவிட்டுத் தங்கள் கருவிகளையும் மேடை விளக்குகளையும் அடித்து நொறுக்கினார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒலியைக் கூட்டி வைத்து அந்த இரைச்சலையும் கேளுங்கள். உடைகிறவற்றில் ரிச்சியின் கிதாரும் இருக்கிறது.