அந்த 40 மணித்தியாலத்தை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்

தம்பி, மகன் பத்தாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 40 மணித்தியாலம் சம்பளமில்லாமல் சமூக சேவை செய்யவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்திருக்கிறது, இது கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். கிளப்புகளில் சேராவிட்டால் பல்கலைக்கழகம் கிடைக்காதாமே என்றும் கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம்தான். இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 30 கிரெடிட்டும் (பாட அலகுகள்) எடுத்து, பத்தாம் வகுப்பு எழுத்தறிவுச் சோதனையும் பாஸ் பண்ணியிருந்தாலும், இந்த மணித்தியாலங்கள் குறைந்தால் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா தரமாட்டார்கள். அதற்காகப் பதற வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நேரம் இருக்கிறது. இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்புக்கு முந்தின கோடை விடுமுறையிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு எத்தனை மணித்தியாலம் என்று தீர்மானிப்பது அதிபர். ஆகவே முதல் அலுவலாகப் பள்ளிக்கூடத்தில் மாணவருக்கு ஆலோசனை சொல்கிற கைடன்ஸ் அறைக்குப் போய் "எனக்கு எவ்வளவு?" என்று கேட்கவேண்டும். நீங்கள் போகவேண்டாம், அவன் போகட்டும். இங்கிலீஷ் தடக்கினாலும் பரவாயில்லை, புதிதாக வந்த பிள்ளைகளின் இங்கிலீஷ் அவர்களுக்குப் பழக்கம்.

ஊரில் சிரமதானம் என்று மண்வெட்டியோடு போய்ப் பள்ளிக்கூட வளவைச் செருக்கினோமே, யாரிடமாவது கையெழுத்து வாங்கினோமா? இங்கே ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும்.

இந்தக் கையெழுத்து விஷயத்தில்தான் நான் மூத்தவனுக்கு ஒரு பிழை விட்டேன். தெரிந்த ஒருவரின் கடையில் பெட்டி அடுக்கினான், அவரும் 25 மணித்தியாலம் என்று எழுதித் தந்தார். பள்ளிக்கூடத்தில் எடுபடவில்லை. வழமையாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை கணக்கில் வராதாம். வீட்டு வேலையும் வராது, பாட நேரத்தில் செய்வதும் வராது. கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பு மார்ச் மாதம், மற்றப் பிள்ளைகள் பல்கலைக்கழகக் கடிதம் பார்த்துக்கொண்டிருக்க, இவன் ஏழைகளுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கிற உணவு வங்கியில் தகரப் பேணி அடுக்கினான். இன்னொன்றும் சொல்லவேண்டும். செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைத்துத் தர நம்மவர்களில் ஆட்கள் இருப்பார்கள். "அண்ணை, பிள்ளை படிக்கட்டும், நான் போட்டுத் தாறன்" என்று அன்பாகத்தான் வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடிபடும் என்பதற்காகச் சொல்லவில்லை. புதிதாக வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பெற்றாரும் ஆசிரியரும் அல்லாத பெரியவர்களோடு நின்று பழக இதைவிட லேசான வழி எனக்குத் தெரியாது. பிறகு முதல் பார்ட் டைம் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "உன்னைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்பார்கள். மாமாவின் பெயரைக் கொடுக்க முடியாது.

எங்கே போகலாம்? நூலகக் கிளை, உணவு வங்கி, கோடைகாலச் சிறுவர் முகாம், முதியோர் இல்லம். கோயிலில் கும்பிடுவது கணக்கில்லை, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது பெரும்பாலும் கணக்கு. ஆனாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். மருத்துவமனை என்று எல்லோரும் ஓடுவார்கள், அங்கே வரிசை நீளம். எங்கள் சின்னவள் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள். அங்கே ஒரு தமிழ் அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. சோறு ஆறிவிட்டது என்று சொல்லக்கூட ஆளில்லை. இவளுடைய அரைகுறைத் தமிழ்தான் அன்றைக்கு அங்கே பெரிய உதவி. உங்கள் மகனின் தமிழ் இவளுடையதைவிட நூறு மடங்கு திறம். வந்து ஒரு மாதத்தில் எல்லாவற்றிலும் பின்னுக்கு நிற்பதாக நினைக்கிற பிள்ளைக்கு, தன்னிடம் இருப்பது தேவைப்படுகிற ஒரு இடம் கிடைத்தால் நடையே மாறும்.

இனி அந்தக் கிளப் கதை. பாதி உண்மை, பாதி ஊர்ப் பேச்சு. இலங்கையில் நமக்கு ஏ.எல். பரீட்சையின் இசட் புள்ளி மாதிரி, ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடநெறிகள் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த ஆறு பாடப் புள்ளிகளைத்தான் முதலில் பார்க்கும். வாட்டர்லூ பொறியியல், மக்மாஸ்டர் ஹெல்த் சயன்ஸ் போன்ற சில இடங்கள் புள்ளிக்கு மேலே தனியாக எழுதித் தரவும் கேட்கும். லோரன் போன்ற பெரிய புலமைப்பரிசில்களுக்குச் சேவையும் பொறுப்பெடுத்த அனுபவமும் முக்கியம். அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால், பல பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்றாக நிரப்புகிற பொது விண்ணப்பத்தில் (Common App) பத்துச் செயற்பாடுகள் எழுத இடம் இருக்கும். அந்தப் பத்தையும் நிரப்புவதற்காகப் பிள்ளையை வயலின், கராத்தே, விவாதம் என்று காரில் ஏற்றி இறக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை நித்திரை, தகப்பன் ஸ்டீரிங்கில்.

ஒன்றிரண்டு போதும், ஆனால் அவனே தெரிந்தெடுக்கவேண்டும். கிரிக்கெட் விளையாடுவான் என்றீர்கள். இங்கே சில உயர்நிலைப் பள்ளிகளில் கிரிக்கெட் அணியும் உண்டு, விசாரிக்கட்டும். அணிகளுக்கு டிரைஅவுட் என்று விளையாட வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள், முதல் வருடம் எடுக்காமல் விடவும் கூடும். காசு யோசனையாக இருந்தால் இளையோருக்குப் பயிற்சி கொடுக்கிற கடெற் படையைப் பாருங்கள். 12 முதல் 18 வயதுவரை, சேரக் காசில்லை, சீருடையும் அவர்களே தருவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம், இராணுவத்தில் சேரும் கட்டாயம் ஒன்றுமில்லை. நம் ஆட்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும்.

தாளில் பெற்றார் கையெழுத்துக்கென்று ஒரு கோடு இருந்தால் அது மட்டும்தான் உங்கள் பங்கு. அலுவலகத்தில் கொடுக்கமுதல் போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சின்னவளின் தாள் ஒன்று எங்கேயோ காணாமல் போய், 12 மணித்தியாலக் கையெழுத்துக்காக இரண்டாம் தடவையும் பஸ் ஏறினோம். அது பெப்ரவரிக் குளிர்.