பார்வையற்றவர்கள் ஆன்லைனில் மைக்ரோடாஸ்க் என்கிற சின்னச் சின்னத் துண்டு வேலைகள் செய்து சம்பாதிக்க முடியுமா?

முடியும். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, நாலு வருடமாகச் செய்கிறேன். மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

படத்தில் என்ன இருக்கிறது என்று குறிக்கிற வேலைகள் நமக்கில்லை, சரி. ஆடியோவைக் கேட்டு டைப் செய்வது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, சர்வே இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் இலவசம். நான் வைத்திருக்கிற வேகத்தைக் கேட்டால் என் தங்கை, "கேசட்டை ஓட்டிவிட்ட மாதிரி இருக்குண்ணா, இதுல என்ன புரியுது?" என்பாள். கேட்டுக் கேட்டுப் பழகின காது, டைப்பிங் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தொல்லை வேலையில் இல்லை, வாசலில். ஒரு தளத்தில் தகுதித் தேர்வு, 12 நிமிடம். ஆடியோவை ஓடவிட வேண்டும், ஆனால் எந்தப் பட்டனுக்கும் லேபிள் இல்லை. டேப் (Tab) கீயைத் தட்டத் தட்ட "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்றே சொல்கிறது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நாலாவது பட்டன் சப்மிட். ஒரு எழுத்துகூட டைப் செய்யாத விடைத்தாள் போய்விட்டது, மறுபடி எழுதவும் விடவில்லை. மெயில் போட்டதற்கு, கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது!

அமேசான் மெக்கானிக்கல் டர்க் போன்ற மைக்ரோடாஸ்க் தளங்களில் வேலைப் பக்கத்தைத் தளம் மட்டும் அமைப்பதில்லை, வேலை கொடுப்பவரும் தன் இஷ்டத்துக்கு அமைக்கலாம். அதனால் நேற்றைய வேலை வெண்ணெய் மாதிரி போகும், இன்றையது ஒரு கட்டம்கூட நகராது. நேரக் கெடுவைப் பயனர் நீட்டிக்க வழி வேண்டும் என்று இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் 2008லேயே சொல்லிவிட்டன, யார் படிக்கிறார்கள்? ஆகவே, வேலையை ஏற்கும் முன்பே ப்ரிவியூவில் டேப், அம்புக்குறி கீகளால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அரைகுறையாக முடித்து அனுப்பி அவர்கள் நிராகரித்தால் அப்ரூவல் சதவீதம் இறங்கும், அப்புறம் நல்ல வேலைகள் நம் பக்கமே வராது.

இன்னொன்று, ஆடியோவும் ஸ்கிரீன் ரீடரும் ஒரே நேரத்தில் காதில் சண்டை போடும். என்விடிஏவில் இன்செர்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பேச்சு மோட் மாறும், ஸ்கிரீன் ரீடரின் பேச்சை நிறுத்தி வைக்கலாம், அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

நாம் ரோபோ இல்லை, மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்கிற கேப்ட்சாவுக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. ஒலி கேப்ட்சா எல்லா இடத்திலும் இருப்பதில்லை, இருந்தாலும் அந்த இரைச்சலில் பாதி நாள் தோற்றுவிடுகிறேன். தங்கை காலேஜிலிருந்து வந்த பிறகுதான் என் லாகின்.