விடை 0.1056 தான், உங்கள் 0.3944-ஐ 0.5-இலிருந்து கழிக்க மறந்துவிட்டீர்கள்

இயல்நிலைப் பரவல் (மணி வடிவ வளைவு), சராசரி 60, திட்டவிலக்கம் 8, மதிப்பு 70-க்கு மேல் இருக்க நிகழ்தகவு என்ன என்பதுதானே கணக்கு? நீங்கள் 0.3944 என்று விடை போட்டிருக்கிறீர்கள். (70 − 60) ÷ 8 = 1.25. இந்த இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) வரை நீங்கள் போட்டது சரி. இசட் அட்டவணையில் 1.2 வரிசை, 0.05 நிரல், அங்கே 0.3944. அதையும் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அது நடுக்கோட்டிலிருந்து 1.25 வரை உள்ள பரப்பு. உங்களுக்கு வேண்டியது அதற்கு வலப்பக்கம் மிஞ்சும் வால். வலது பாதி மொத்தம் 0.5, ஆக 0.5 − 0.3944 = 0.1056.

குழப்பத்துக்குக் காரணம் அநேகமாக அட்டவணைதான். இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று நடுவிலிருந்து அளக்கும், இன்னொன்று இடது கோடியிலிருந்தே கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவதில் இதே இடத்தில் 0.8944 இருக்கும், அதை 1-இலிருந்து கழிக்க வேண்டும். வீடியோவில் ஒன்று, புத்தகத்தில் இன்னொன்று என்று பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

எந்த வகை என்று தெரிய, இசட் 0.00-க்கு நேரே பாருங்கள். 0.0000 என்றால் முதல் வகை, 0.5000 என்றால் இரண்டாவது.

விடையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஒரு திட்டவிலக்கத்துக்கு மேலே ஏறத்தாழ 16 சதவீதம்தான் இருக்கும். 1.25-க்கு மேலே 39 சதவீதம் வரவே வராது. மணி வளைவைக் கிறுக்கி, கேட்ட பகுதியை நிழலிட்டால் இது கண்ணிலேயே படும்.

ஒன்று மட்டும் கவனம்: கேள்வியில் 64 என்று மாறுபாட்டைக் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கொடுத்திருந்தால் அதன் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும். 16 பேரின் சராசரி பற்றிக் கேட்டால் வகுக்கும் எண் 8 அல்ல, 8 ÷ √16, அதாவது 2.