கழற்சிக்காயும் கேப்சூலும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 27. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதாகச் சொல்லி மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தார். குமட்டலும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது மாமியார் இடித்துத் தரும் கழற்சிக்காய்ப் பொடியும், ஆன்லைனில் வாங்கிய பெர்பெரின், பட்டை கேப்சூல்களும் சாப்பிடுகிறேன். மூலிகைதானே, தொடரலாமா? குழந்தைக்காகவும் காத்திருக்கிறோம்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. குழந்தைக்குக் காத்திருக்கும்போது பெர்பெரின் வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். பி.சி.ஓ.டி. உள்ள பலருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. மரமஞ்சளில் இருக்கும் இந்தப் பொருள் இன்சுலின் வேலை செய்ய உதவுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும். பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கும் ஆபத்தும் உண்டு. மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்ணுக்குக் கரு தங்கியதே தாமதமாகத்தான் தெரியவரும். அத்தனை நாளும் நீங்கள் கேப்சூலை விழுங்கிக்கொண்டிருப்பீர்களே என்பதுதான் என் கவலை.

பட்டை விஷயம் வேறு. 2014இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பி.சி.ஓ.டி. உள்ள பெண்களுக்குத் தினமும் ஒன்றரை கிராம் பட்டை கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். தள்ளிப்போய்க்கொண்டிருந்த மாதவிலக்கு முன்பைவிட அடிக்கடி வந்தது. இன்சுலின் அளவுகளில் மாற்றமில்லை. 45 பேர் தொடங்கி 17 பேரே முடித்த சிறிய ஆய்வு அது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். நாள்தோறும் கேப்சூலாகச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. குழம்புக்குப் போடுவதற்குப் பயம் வேண்டாம்.

கழற்சிப் பருப்பு எலிகளின் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. பெண்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருப்பார். குழந்தைக்குக் காத்திருப்பதையும் சொல்லி அவரிடம் கேளுங்கள். அதுவரை பொடியை நிறுத்திவையுங்கள்.

நீங்கள் ஒதுக்கிய மெட்ஃபார்மினுக்கும் பூர்வீகம் ஒரு செடிதான் என்பது தெரியுமா? ஐரோப்பாவில் காலேகா என்ற செடியை மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்த பொருள் நச்சுத்தன்மை மிகுந்தது. அதே வகையைச் சேர்ந்த, பாதுகாப்பான மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்று உங்களுக்கும் மருத்துவருக்கும் தெரியும். இடித்த பொடியில் அது தெரியாது.

குமட்டல் பலருக்கும் வருவதுதான். இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டினால், அல்லது மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்தை நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கேப்சூல் டப்பாக்களையும் பொடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை, கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்றும் கேளுங்கள்.

ஊறவைத்த வெந்தயத்தை உணவாக ஒரு ஸ்பூன் சாப்பிடலாம். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சினைமுட்டை வெளிவருவது பலருக்குச் சீராகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனால், "நமக்கு வழக்கம்தானே" என்று விட்டுவிடாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள்.