கேபிளுக்குப் பதில் எந்தப் பெட்டி? ஆத்தாவின் ரிமோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: எங்களுடையது கானாடுகாத்தானில் பழைய காலத்து வீடு. நான், மனைவி, 78 வயது ஆத்தா மூன்று பேர்தான் இருக்கிறோம். கேபிளுக்கு மாதம் 300 ரூபாய், ஃபைபர் நெட்டுக்குத் தனியாக ஒரு தொகை போகிறது. கேபிளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று எண்ணம். டிவி 32 அங்குல எல்இடி, ஸ்மார்ட் டிவி இல்லை, வாங்கிப் பத்து வருடம் இருக்கும். சிங்கப்பூரில் உள்ள மகன் பொங்கலுக்கு வரும்போது அங்கிருந்தே வாங்கி வருவதாகச் சொல்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்?

பதில்: மகன் டிக்கெட் போடுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரிலிருந்து வேண்டாம். ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் எந்த ஆப் இறங்கும் என்பது அதில் போடும் கூகுள் கணக்கின் நாட்டைப் பொறுத்தது. மகன் தன் கணக்கைப் போட்டு எல்லாவற்றையும் தயார் செய்து கொண்டுவந்தால், நம் ஊர் ஆப்களில் சில ஸ்டோரிலேயே தெரியாது. கணக்கின் நாட்டை மாற்றலாம் என்றாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் விடுவார்கள். பிளக்கும் அங்கே வேறு மாதிரி, தட்டையான மூன்று பின். பழுதாகிவிட்டால் வாரண்டிக்கு காரைக்குடியில் யாரிடம் போய் நிற்பீர்கள்?

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ‘ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், உலகத்துச் சேனல் எல்லாம் வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்று விற்கிற பெட்டிகள். சிங்கப்பூர் 2021இல் கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டத்தில் அவற்றை விற்பதையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் ஆன்லைனில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் வாங்கும்போதே வைரஸ் இருக்கிறது, வீட்டு நெட்டை நமக்குத் தெரியாமல் வேறு ஆட்கள் உபயோகிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. நீங்கள் போனில் வங்கிக் கணக்குப் பார்க்கும் அதே வைஃபையில் அந்தப் பெட்டியையும் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இங்கேயே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடைக்குப் போகும் முன் ஒரு நாள் மாலை ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் பக்திப் பாட்டும் ராசிபலனும், மாலையில் இரண்டு மூன்று தொடர், நடுவில் செய்தி என்று ஒரு பட்டியல் வரும். இன்று அவர்கள் ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் சேனல் வந்துவிடுகிறது. டிவியில் நேராகச் சொருகுகிற சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் ரிமோட்டில் எண்களே கிடையாது. முகப்புத் திரைக்குப் போய், ஆப்பைத் தேடி, ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் சொல்லி, நேரலைப் பகுதிக்குள் நுழைந்து, சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் தொடரின் ‘முன்கதை’ முடிந்திருக்கும். இடையில் அப்டேட் கேட்டுத் திரையில் ஓர் அறிவிப்பு முளைத்தால் போச்சு, “தம்பி, இங்கே வாயேன்” என்று கூப்பிடுவார்கள். நீங்கள் வீட்டில் இல்லாத அன்று டிவி இல்லை.

பட்டியல் கையில் இருந்தால் செலவுக் கணக்கும் வந்துவிடும். சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட். ஜீ தமிழுக்கு ஜீ5. விஜய் தொடர்களுக்கு, 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் சேர்ந்து உருவான ஜியோஹாட்ஸ்டார். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் யூடியூபில் இலவசமாகவே நேரலையில் ஓடுகின்றன. டிடி தமிழ் பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பில் கிடைக்கும். சந்தாக்களைக் கூட்டிப் பாருங்கள், நீங்கள் நிறுத்தப் போகும் 300 ரூபாயில் பெரும்பகுதி அங்கேயே போயிருக்கும். பணம் மிச்சம் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த மாற்றம் அவ்வளவு லாபமில்லை என்பது என் அபிப்பிராயம். பேரன் பேத்தி வந்தால் படம் பார்க்கலாம், விட்ட பகுதியை மறுநாள் பார்க்கலாம் என்றால், அது நியாயமான காரணம்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வெறும் ஸ்டிக்கை நான் சொல்ல மாட்டேன். முதலில் உங்கள் ஃபைபர் கம்பெனியிடம் டிவி சேனல்களும் சேர்ந்த திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டும் நெட்டோடு பெட்டி தருகின்றன. பிஎஸ்என்எல் ஃபைபரில் 2024 முதல் ஐஎஃப்டிவி என்று, ஃபைபர் வழியாகவே டிவி சேனல் தரும் சேவை இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரிவராவிட்டால் டிஷ்ஷும் ஆண்ட்ராய்டும் ஒரே பெட்டியில் உள்ளதை வாங்கலாம்: டாடா பிளே பிஞ்ச் பிளஸ், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் மாதிரி. சேனல் டிஷ் வழியாக வரும், படம் நெட் வழியாக வரும். கனமழையில் டிஷ் சற்று நேரம் படுத்துவிடும், அவ்வளவுதான். எந்தப் பெட்டியானாலும் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, 0 முதல் 9 வரை பட்டன் இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

இனி வீடு. செட்டிநாட்டு வீட்டுக்குப் பெட்டி வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான், பழியோ பெட்டி மேல் விழும். ஃபைபர் கம்பி முகப்பில் நுழைகிறது, ரவுட்டரையும் அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டிவி இருப்பது வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) தாண்டி இரண்டாங்கட்டில். நடுவில் இருப்பவை செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய கனத்த சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரிலேயே களைத்துவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. ராத்திரி எட்டு மணிக்கு டிவி இருக்கும் இடத்தில் போனை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, யூடியூபில் முழு எச்டி படம் ஒன்றை ஓட்டுங்கள். பத்து நிமிடம் சுற்றாமல் ஓடினால் கவலையில்லை. எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் நெட் வேகம் அந்த இடத்தில் கிடைத்தால் போதும், முகப்பில் 100 காட்டுகிறது என்பதால் பலனில்லை.

சுற்றினால், ரவுட்டரை வளவுக்குக் கொண்டுவாருங்கள். முற்றம் திறந்த வெளி என்பதால் அங்கிருந்து சிக்னல் நாலு பக்கமும் தடையில்லாமல் போகும். சாரல் படாத தூணோரம் வைத்தால் போதும். அதைவிட உறுதியான வழி, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு நேராக இழுக்கும் லேன் கேபிள். 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டுக்கும் தாராளம். கூரை விளிம்பு ஓரமாகவே கொண்டுபோகலாம், பர்மா தேக்கு நிலையில் ஓட்டை போடவோ ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவோ எவரையும் விடாதீர்கள். அப்புறம், பெட்டியில் லேன் சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டிக்குகளில் பொதுவாக இருக்காது, தனி அடாப்டர் வாங்க வேண்டும்.

பெட்டியின் மற்ற விவரங்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். உங்கள் டிவி 4கே இல்லை, அதற்காகக் கூடுதல் காசு வீண். டிவி பின்னால் எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்க வேண்டும், பத்து வருட எல்இடியில் நிச்சயம் இருக்கும். பெட்டி கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவியாக இருக்கட்டும். சான்றில்லாத பெட்டியில் சந்தா கட்டியும் சில ஆப்கள் மங்கலான படம்தான் தரும், சில திறக்கவே திறக்காது. ஸ்டிக் வாங்கினால் டிவியின் யுஎஸ்பியில் சொருகாமல், கூடவே வரும் அடாப்டரில் மின்சாரம் கொடுங்கள். டிவி யுஎஸ்பி தரும் மின்சாரம் போதாமல் அது நடுவில் அணைந்து அணைந்து எரியும்.

கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், முகப்பில் உள்ள ஃபைபர் பெட்டி ஓடுமா? அந்த பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகும் ஒரு மாதம் கேபிளை அப்படியே வைத்திருங்கள். டிவியில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் ஒன்றில் அது, ஒன்றில் இது. அந்த மாதம் ஆத்தா எந்தப் பக்கம் அதிகம் போகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகும் ஒரேயடியாகத் துண்டிக்காமல், தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் அதற்கு இடம் உண்டு. கேபிள்காரரோடு மனஸ்தாபமும் வேண்டாம். சிற்றூர்களில் பல இடங்களில் ஃபைபர் லைனையும் பார்ப்பது அதே ஆள்தான். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், முன்பணம் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள்.